மோரீசுக்குப் போன வசவு

என் வயதுக்காரிகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சின்ன வயதைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் நாம் எல்லோரும் பொய் சொல்கிறோம். ஒரு முறுக்கை ஏழு பேர் பிய்த்துத் தின்றோமாம், ஒருத்திக்கு ஒன்று என்றால் இன்னொருத்தி உயிரை விட்டாளாம். நான் அப்படியெல்லாம் இல்லை. பத்து வயதில் எனக்கு இருந்ததெல்லாம் பொறாமைதான். வயிற்றுக்குள் அடுப்பு வைத்து யாரோ ஊதிக்கொண்டே இருந்த மாதிரி ஒரு பொறாமை. அதுவும் பக்கத்து வீட்டுக்காரி மேல் இல்லை. பாரிசு என்கிற ஊரில் இருந்த, நான் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு பெண் மேல்.

அவள் என் அமாவாசையை எடுத்துக்கொண்டாள்.

சிரிக்காதீர்கள். மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால், காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையத்துக்கு அமாவாசைதான் லீவு. அன்றைக்கு ஒருவரும் தறியில் கை வைக்க மாட்டார்கள். மற்ற நாளெல்லாம் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். அமாவாசையன்று அது நின்ற பிறகுதான் காக்கா கத்துவதே காதில் விழும். அப்பா குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை நான் பார்ப்பது அவர் முதுகைத்தான். அந்த முதுகில் வேர்வை எந்த வழியாக இறங்கி எந்த இடத்தில் வேட்டிக்குள் போகும் என்று எனக்குத் தெரியும். முகத்தில் மச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசிப்பேன்.

அமாவாசை ஒரு நாள்தான் எனக்கு முகம் கிடைக்கும். காலையில் குளித்து, செத்துப்போன தாத்தா ஆயாவுக்குப் படைத்து, காக்காய்க்குச் சோறு வைத்து, வாழைக்காய்க் கறியோடு சாப்பிட்டு எழுந்தாரானால், என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக்கொண்டு ஏகாம்பரநாதர் கோயிலுக்கு விடுவார். உள்ளே போனதும் அவர் இடது கையில் இரண்டு விரலைப் பிடித்துக்கொள்வேன். தறியில் ஊடை நூல் ஓடுகிற நாடாவைத் தள்ளித் தள்ளிக் காய்த்துப்போன விரல்கள். பிரகாரம் சுற்றி வருகிற வரைக்கும் விட மாட்டேன். வீட்டுக்கு நான் ஒரே பிள்ளை. பங்குக்கு ஆள் கிடையாது.

அந்த வருடம் வெளிநாட்டில் ஏதோ பெரிய கண்காட்சி. அங்கேயே ஒரு தறி போட்டு, நம் ஊர் ஆள் ஒருத்தர் உட்கார்ந்து நெய்து காட்ட வேண்டுமாம். மூன்று மாதம். எப்படியோ அப்பா பெயர் விழுந்துவிட்டது. பாரிசுக்குப் போகிறார் என்றதும் எதிர்வீட்டு அத்தை அலட்டிக்கொள்ளவே இல்லை. "பாரிசு தானே? காலையில பஸ் ஏறுனா மத்தியானம் வந்து சேர்ந்துடலாம். வரும்போது பூட்டுக் கடையில ஒரு பூட்டு வாங்கிக்கினு வரச் சொல்லு" என்றாள். அவளுக்குத் தெரிந்தது மெட்ராஸ் பாரிஸ் கார்னர். ஒரு வாரம் அப்பாவைக் காணோம் என்றதும்தான் அது வேறு பாரிசு என்று நம்பினாள்.

அம்மா பெட்டியில் மிளகாய்ப்பொடி, ஊறுகாய், விபூதிப் பொட்டலம் எல்லாம் வைத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே காலண்டரிலிருந்து மூன்று தாளைக் கிழித்து வைத்தாள். மூன்று அமாவாசைத் தாள். குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து ஒவ்வொன்றிலும் வட்டம் போட்டிருந்தாள். அந்த மூன்று நாளும் நான் இங்கே சைக்கிளைத் துடைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா திரும்பி வந்தபோது உருகி ஒட்டிப்போன சாக்லேட்டும் ஒரு கறுப்புக் குடையும் ஒரு கதையும் கொண்டுவந்தார். சாக்லேட் அன்றைக்கே தீர்ந்தது. குடையை யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. கதை மட்டும் தீரவே இல்லை. தெருவில் யார் வந்தாலும் முதலிலிருந்து சொன்னார்.

கதை இதுதான். பாரிசில் முதல் அமாவாசை. அப்பா குளித்து விபூதி பூசி, தறியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உலகத்துக்கெல்லாம் ஒரே நிலாதானே, இங்கேயும் இன்றைக்கு வேலை இருக்காது என்று அவர் நினைப்பு. ஆனால் டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டம் வந்துவிட்டது. கூட வந்த வடநாட்டு அதிகாரி அன்றைக்குப் பார்த்து வேறு ஊருக்குப் போயிருந்தார். அந்தக் கூடத்தில் நம் ஆள் என்று இவர் ஒருத்தர்தான். கண்காட்சிக்காரர்கள் வந்து கையால் நெய்கிற மாதிரி காட்டினார்கள். அப்பா "அமாவாசை" என்றார். புரியவில்லை. காது கேட்காதவனுக்குச் சொல்வதுபோல இன்னும் சத்தமாக "அமாவாசை" என்றார். உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று டாக்டரைக் கூட்டி வந்தார்கள். நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினார். காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குச்சியை வாயில் வைத்தார்கள். அதைக் கடித்துக்கொண்டே அப்பா "அமாவாசை" என்றாராம்.

அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், கேள்வி கேட்கிற மாதிரி, "அமாவாசை?" என்றது.

நல்ல கறுப்பு, நல்ல உயரம், முட்டி வரை கோட்டு, கையில் பிடித்தபடி ஒரு பெண் பிள்ளை. அந்த அம்மா மோரீசுத் தீவில் பிறந்து, கல்யாணம் கட்டிக்கொண்டு பாரிசுக்கு வந்தவள். அவளுடைய முன்னோர்கள் எந்தக் காலத்திலோ மெட்ராசில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். இவள் வரைக்கும் வருவதற்குள் பேச்செல்லாம் போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு சொல்தான் மிச்சம். சாமி, பூ, கற்பூரம், தம்பி, ஆயா. அவளுடைய அம்மா மாதா மாதம் அமாவாசைக்குப் பட்டினி கிடப்பாளாம். அதனால் அந்தச் சொல்லும் தங்கியிருந்தது.

அவள் அப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு திரும்பி அவர்களிடம் அவர்கள் பேச்சில் என்னவோ சொன்னாள். டாக்டர் குச்சியை எடுத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றினாராம். தறிக்கு முன்னால் ஒரு கயிறு கட்டி, இன்றைக்கு இவருக்கு லீவு என்று அட்டை மாட்டினார்களாம். அப்பா குழந்தை மாதிரி அழுதார். அதையும் மறைக்காமல் சொல்வார். வந்து பத்து நாளாகத் தெரிந்த ஒரு சொல்லை ஒரு வாயும் சொல்லவில்லையே, அது காதில் விழுந்ததும் ஊரே எழுந்து வந்த மாதிரி இருந்தது என்பார்.

அந்த அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய் வாழைக்காய் தேடிப் பிடித்துச் சமைத்தாள். ஜன்னலில் சோறு வைத்தால் காக்கா வரவில்லை, புறா வந்தது. "நம்ம தாத்தாதாம்மா, குளுருக்குப் புறாவா வந்துட்டாரு" என்று அப்பா என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு வந்த இரண்டு அமாவாசைக்கும் அந்தச் சின்னப் பெண்ணே நாள் எண்ணிக்கொண்டு வந்து அப்பாவைக் கூட்டிப் போனாளாம். ஆற்றங்கரையெல்லாம் காட்டினாளாம்.

"என் கைய விடவே இல்லம்மா அது. புடிச்சிக்கினே நடந்துது" என்றார் அப்பா.

"எந்தக் கையிப்பா?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்காமல் இடது கையை நீட்டினார்.

அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. சாக்லேட் தின்ற வயிறு என்று அம்மா நினைத்துச் சுக்குத்தண்ணி கொடுத்தாள். பெரியவர்களின் வைத்தியம் எல்லாம் இப்படித்தான்.

அப்புறம் ஒரு போட்டோ வந்தது. பாலத்தின் மேல் அப்பா, யாருடைய கோட்டையோ மாட்டிக்கொண்டு, பக்கத்தில் அவள். சிவப்புச் சட்டை, இரட்டைச் சடை, பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு. வயது என் வயதுதான். அதோடு எனக்கென்று ஒரு கம்பளித் தொப்பி அனுப்பியிருந்தார்கள். சித்திரை வெயிலில் கம்பளித் தொப்பி. நான் அதை எதிர்வீட்டுக் கன்றுக்குட்டிக்குப் போட்டுவிட்டேன். அது தின்றுவிட்டது.

வீட்டில் இன்னொருத்திக்கும் பொறாமை. எனக்கு அந்தப் பெண் மேல் என்றால் அம்மாவுக்கு அந்த அம்மா மேல். "தம்பின்னு தான் கூப்புட்டுது" என்று அப்பா எத்தனை தரம் சொன்னாலும் அம்மா பாத்திரத்தைச் சத்தமாக வைப்பாள். நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒரே கட்சி.

அந்த அம்மாவிடமிருந்து கடிதம் வர ஆரம்பித்தது. இங்கிலீசில் வரும். அதைப் படிக்கவும் பதில் எழுதவும் அப்பா ஜரிகைக்கடை பாயிடம்தான் போவார். பாய் வீட்டில் உருது பேசுவார், எங்களிடம் தமிழ் பேசுவார், பேங்கில் இங்கிலீசு பேசுவார். என்னை மட்டும் உருதில் 'பேட்டி' என்பார், மகளே என்று. மற்ற நாள் தறியை விட்டு எழ முடியாதே, அதனால் அமாவாசைக்கு அமாவாசைதான் கடிதம். கோயில் போச்சு. நான் பாய் கடை வாசலில் உட்கார்ந்து, உள்ளே அப்பா முகமெல்லாம் வெளிச்சமாகி "எழுதுங்க பாய், கொழந்தை நல்லாப் படிக்கணும்னு எழுதுங்க" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். குழந்தை என்றால் நான் இல்லை. என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தி நூல் சுற்ற வைத்தவரும் அவர்தான். அவர் மேல் குற்றமில்லை, எங்கள் தெருவில் பெண் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பே ஜாஸ்தி.

ஆடி மாதம் அவர்களே வந்துவிட்டார்கள். மோரீசில் அந்த அம்மாவின் அம்மா, அதாவது பட்டினி கிடக்கிற கிழவி, படுக்கையில் விழுந்துவிட்டாளாம். அவளைப் பார்க்கப் போகிறவர்கள், சுற்றுவழியானாலும் ஆடி அமாவாசையை எங்களோடு கழித்துவிட்டுப் போகலாம் என்று இரண்டு நாள் தங்க வந்தார்கள். பெரிய அமாவாசை. அதையும் விட்டு வைக்கவில்லை.

அந்த அம்மா எங்களுக்கு மரியாதை செய்கிறேன் என்று புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கட்டியது என்று சொல்லக்கூடாது, சுற்றியிருந்தாள். வாசற்படி ஏறும்போதே கொசுவம் கையோடு வந்துவிட்டது. அம்மா ஓடிப்போய் அவளை உள் அறைக்கு இழுத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு இரண்டு பேரும் மூச்சுவிட முடியாமல் சிரிக்கிற சத்தம். வெளியே வந்தபோது புடவை அழகாக இருந்தது, அம்மா அவளை "அண்ணி" என்று கூப்பிட்டாள். நாத்தனார் முறை. தம்பி என்றது உண்மைதான் போல என்று அப்பாவிடம் தானே சொன்னாள். அந்த அம்மாவுக்கு அம்மாவை விடப் பதினைந்து வயது கூட. முன்நெற்றியெல்லாம் நரை. ஆறு மாதமாக அம்மா பாத்திரத்தை உடைத்ததெல்லாம் இவளுக்காகவா என்று எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து என்ன, எனக்கு இருந்த ஒரே ஆளும் கட்சி மாறிவிட்டாள்.

அந்தப் பெண் போட்டோவில் இருந்ததை விட மோசம். நல்லவள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். கன்னத்தில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று முத்தம் கொடுத்தாள். தெருவே பார்த்தது. நான் தாவணித் தலைப்பில், இல்லை, அப்போது பாவாடைதான், பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் அமாவாசை. படையல் முடிந்தது. அப்பா சைக்கிளை எடுத்தார். நான் ஓடிப்போய்ப் பார் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைத் தூக்கிப் பின்னால் கேரியரில் உட்கார வைத்தார். அவளைத் தூக்கிப் பாரில் வைத்தார்.

"விருந்தாளிம்மா. அதுக்குப் பின்னால குந்தத் தெரியாது, வுழுந்துடும்" என்றார்.

கோயில் வரைக்கும் எனக்குக் கிடைத்தது முதுகு. அமாவாசையன்றைக்கும் முதுகு. அதற்கு முன்னால் அவள் சடை காற்றில் ஆடிக்கொண்டு வருகிறது. மோரீசோ பாரிசோ, எங்கேயாவது கப்பல் கவிழாதா என்று ஏகாம்பரநாதரை வேண்டிக்கொண்டே போனேன்.

கோயில் குளத்துப் படியில் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டு அப்பா அர்ச்சனைத் தட்டு வாங்கப் போனார். அவள் ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். "ஆயா" என்றாள். நாம் சொல்கிற மாதிரியே சொன்னாள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினாள். கிழவி படுத்திருக்கிறாளாம். விரலைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சாப்பிட மாட்டேன் என்கிறாளாம். பென்சிலை என் பக்கம் நீட்டி, தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். சாப்பிட்டாயா என்று கிழவியைத் தமிழில் எப்படிக் கேட்பது, அதைச் சொல்லிக் கொடு என்கிறாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் என் வாயில் "சாப்புட்டீங்களா ஆயா" என்றுதான் வந்தது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அப்போது அவள் காற்றில் கலைந்த சடையை ஒதுக்கிக்கொண்டாள். சைக்கிள் பாரில் கலைந்த சடை.

"ஏண்டி மூதேவி, கொட்டிக்கினியா?" என்று நிதானமாகச் சொன்னேன்.

அவள் திருப்பிச் சொன்னாள். நான் திருத்தினேன். 'ஏண்டி'யில் இன்னும் கொஞ்சம் இழுக்கச் சொன்னேன். 'கொட்டிக்கினியா' வரும்போது இடுப்பில் கை வைக்க வேண்டும் என்று எழுந்து நின்று காட்டினேன். அதுதான் பெரியவர்களுக்கு மரியாதை என்று கும்பிட்டுக் காட்டினேன். அவள் தன் எழுத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு, நோட்டை நெஞ்சில் வைத்து எனக்கு நன்றி சொன்னாள். அப்பா வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "ரெண்டும் சேந்துடுச்சிங்க" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அந்த மனுஷனுக்கு நூலில் ஒரு இழை அறுந்தால் இருட்டில்கூடத் தெரியும். பெண்கள் விஷயம் எதுவும் தெரியாது.

அவர்கள் மோரீசுக்குப் போய்விட்டார்கள். போன பிறகுதான் நான் யோசித்துப் பார்த்தேன். சாகப் போகிற கிழவி. சொந்தபந்தமெல்லாம் சுற்றி நிற்கும். இவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைச் சொல்வாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார்கள். கடிதம் வரும். தபால்காரர் மணியடித்தால் நான் புழக்கடைக்கு ஓடினேன். திருப்புட்குழி அத்தை வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லி அழுதேன். அங்கே என்ன விசேஷம் என்று அம்மாவுக்குப் புரியவில்லை.

ஆவணி அமாவாசைக்கு முன்னால் கடிதம் வந்தே விட்டது. அமாவாசையன்று அப்பா என்னையும் பாய் கடைக்கு வரச் சொன்னார். பாய் ஜரிகை நிறுக்கிற சின்னத் தராசை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மனதுக்குள் படித்தார். ஒரு இடத்தில் நின்றார். உதடு மட்டும் அசைந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இங்கிலீசு எழுத்தில் இருந்ததைக் கூட்டிக் கூட்டி வாய்விட்டுப் படித்தார்.

"ஏ...ண்டி... மூ...தே...வி... கொட்டிக்...கினியா."

கடையில் ஜரிகை வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னா பாய் இது" என்றார்.

"மீதியக் கேளுங்க" என்றார் பாய்.

மீதி இதுதான். கிழவி நாலு நாளாகத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லையாம். கண்ணே திறக்கவில்லையாம். இந்தப் பெண் போய், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கற்றுக்கொண்டதைச் சொன்னாளாம். கிழவி கண்ணைத் திறந்தாளாம். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாளாம். சொன்னதும் சிரித்தாளாம். மூச்சு வாங்க வாங்க, பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்துக்கொண்டே இருந்தாளாம். அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தமிழ் தெரியும். இத்தனை வருடமாக அதைத் தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். தன் அம்மா செத்த பிறகு தன்னை இந்தப் பேச்சில் திட்ட ஒரு ஆள் இல்லாமல் போயிற்று, இன்றைக்குத்தான் வீட்டுக்குள் ஆள் வந்த மாதிரி இருக்கிறது என்று சொல்லி, கஞ்சி கேட்டாளாம். இரண்டு கரண்டி குடித்தாளாம்.

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜரிகை வாங்க வந்தவர்கள் 'ஐயோ பாவம்' என்றார்கள். அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்.

"பாத்தீங்களா பாய், அந்தப் பொண்ணு கெட்டிக்காரித்தனத்த. எங்கியோ காதுல வுழுந்தத புடிச்சிக்கினு போயி, ஒரு உசுரையே எழுப்பிடுச்சி."

நான் தப்பித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். தெருவில் கேட்டதைப் பிடித்துக்கொண்டு போனாள் என்று அப்பாவே வழி பண்ணிக் கொடுத்துவிட்டார். நீங்களாக இருந்தால் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். ஆனால் எனக்கு அந்த நிமிஷத்தில் அடி மேல் பயம் போய்விட்டது. என் விரலை எடுத்துக்கொண்டாள், என் பாரை எடுத்துக்கொண்டாள், இப்போது என் திட்டையுமா.

"அது என்னுதுப்பா" என்றேன். "நான் சொல்லிக் குடுத்தது. கொளத்தங்கரையில. அவளுக்கு இன்னா தெரியும், இடுப்புல கை வைக்கக்கூட நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அப்பா எழுந்தார். கை ஓங்கிவிட்டது. அந்தக் கை என் மேல் அதுவரை ஓங்கியதே இல்லை.

"வாணாம்" என்றார் பாய். "பேட்டி மேல கை வெக்காதீங்க. அந்தக் கெழவி சாப்ட்டாச்சி."

அப்பா கையை இறக்கவில்லை. என்னைப் பார்த்தார். நேராக, முகத்துக்கு முகம். "ஏம்மா அப்படிச் செஞ்சே?" என்றார்.

"அவள நீ முன்னால குந்த வெச்சே" என்றேன். மூக்கிலும் கண்ணிலும் ஒழுகியது.

அப்பா அப்படியே ஜரிகைப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். பாய் மெதுவாகக் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தார். ஆயா தினமும் இது மாதிரி ஒன்று கேட்கிறாள், சொன்னால்தான் வாயைத் திறக்கிறாள், அர்த்தம் தெரிந்துவிட்டது, பரவாயில்லை, காஞ்சிபுரத்துத் தோழி இன்னும் நாலு மரியாதைச் சொல் அனுப்ப வேண்டும் என்று இருந்தது. மரியாதைச் சொல் என்று படிக்கும்போது பாய்க்கே தாங்கவில்லை. அப்பாவும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, "சொல்லு, பாய் எழுதுவாரு" என்றார்.

இப்படித்தான் எனக்கு அமாவாசை திரும்பக் கிடைத்தது. முழுசாக இல்லை. அதுதான் கொடுமை. அடுத்த ஆறு மாதம் ஒவ்வொரு அமாவாசைக்கும் அப்பா என்னைப் பாரில் உட்கார வைத்துக்கொண்டு பாய் கடைக்கு விட்டார். என் எதிரில் உட்கார்ந்து, நான் ஒவ்வொன்று சொல்லச் சொல்லத் தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் முகத்தை அவ்வளவு நேரம் நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. ஆனால் எல்லாம் அவளுக்குப் போகிற சரக்கு. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு மாதமெல்லாம் வசவு பொறுக்குவேன். சண்டை எங்கே நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பேன். "வாயில இன்னா கொழக்கட்டையா?", "தின்னுட்டுத் தூங்கறதுக்குத்தான் பொறந்தியா?", "எழுந்துருடி, உன்ன நாலு பேரு வந்து தூக்கணுமா?" கடைசியாகச் சொன்னதை எழுதும்போது பாய் பேனாவை நிறுத்தினார். "படுத்த படுக்கையா இருக்குறவங்களுக்கு இது கொஞ்சம் ஜாஸ்தி இல்ல, பேட்டி?" என்று கேட்டார். அதற்குத்தான் கிழவி மூன்று இட்லி சாப்பிட்டதாகப் பதில் வந்தது. நல்ல வசவு சிலதை நான் அனுப்பவில்லை. அவ்வளவையும் ஏன் அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

தை மாதம் கிழவி போய்விட்டாள். கடிதத்தை அந்தப் பெண்ணே எழுதியிருந்தாள். கடைசி நாள் ஆயா தன்னைக் கூப்பிட்டு நோட்டை எடுக்கச் சொல்லி, ஒரே ஒரு சொல்லை எழுத வைத்தாளாம். காஞ்சிபுரத்தில் இருக்கிறாளே, அவளுக்கு அனுப்பு என்றாளாம். எனக்கு இல்லையா என்று இவள் கேட்டதற்கு, உனக்கு இல்லை, அவளுக்குத்தான் என்றாளாம். இதற்கு என்ன அர்த்தம், இங்கே யாருக்கும் தெரியவில்லை, தயவுசெய்து எழுது என்று இரண்டு தரம் அடிக்கோடு போட்டிருந்தாள்.

பாய் கூட்டிப் படித்தார். "ச...க்க...ளத்தி." படித்துவிட்டு இருமினார்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களுக்குத் தெரியும். சக்களத்தி என்று கிழவிகள் யாரைச் சொல்வார்கள்? புருஷனின் இன்னொரு பெண்டாட்டியையா சொல்வார்கள்? வாய்த்துடுக்கான பேத்தியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கன்னத்தைக் கிள்ளி, "அடி என் சக்களத்தி" என்பார்கள். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. என் இரண்டு ஆயாவும் நான் பிறக்கும் முன்பே போய்விட்டார்கள்.

"அர்த்தம் எழுதிடலாமாம்மா?" என்று அப்பா கேட்டார். "பாவம், அடிக்கோடெல்லாம் போட்டுக் கேக்குது."

"வாணாம்பா" என்றேன். "இது எனக்கு வந்தது."

பாய் பேனாவை மூடினார்.

அவளும் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். பாரிசில் இருக்கிறாள். என் பேத்தியின் போனுக்குக் குரல் அனுப்புவாள். அரைகுறைத் தமிழில் நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் தவறாமல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்பாள். போன மாதம் அனுப்பியதில், போனில் தேடிப் பார்த்தேன், புருஷனுடைய இன்னொரு பெண்டாட்டி என்று போட்டிருக்கிறது, என் ஆயா உன்னை ஏன் அப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தாள். குரல் ஒரு மாதிரி இறுகிப்போயிருந்தது. அந்தச் சுருதியை எனக்குத் தெரியாதா. ஆறு மாதம் அதே சுருதியில் நான் வெந்திருக்கிறேன்.

என் பேத்தி போனை என் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"போன் சொல்றது தப்புடி" என்றேன். "வேற அர்த்தம். சொல்ல மாட்டேன்."